முட்டை தாண்டாத வாசல்

சித்தூரில் அண்ணி வீட்டு அடுப்படியில், மசாலா டப்பாக்களுக்கு மேலே, ஓர் ஆணியில் கம்பி மத்து ஒன்று தொங்குகிறது. மோர் கடையும் மர மத்து இல்லை. கைப்பிடியிலிருந்து எவர்சில்வர் கம்பிகள் வளைந்து இறங்கி, நடுவில் குண்டாகி, மறுபடியும் கைப்பிடிக்குள்ளேயே போய்ச் சேரும். அண்ணன் குவைத்திலிருந்து கொண்டுவந்தது. அண்ணன் போனதிலிருந்து அது அந்த ஆணியை விட்டு இறங்கவே இல்லை. சித்தூருக்குப் போகும்போதெல்லாம், இந்தத் தடவை அதைப் பார்க்கக் கூடாது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறேன். முதலில் கண்ணில் படுவது அதுதான்.

அண்ணன் குவைத்தில் ஒரு பெரிய வீட்டில் சமையல்காரராக இருந்தார். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. தெருவுக்கு ஒருவர் அங்கே கார் ஓட்டுகிறார், இல்லையென்றால் சமைக்கிறார். நாங்கள் நகரியில் தறி வைத்திருந்த குடும்பம். நைனா, எங்கள் அப்பா, இருக்கும்போதே சித்தூருக்கு வந்துவிட்டோம். அண்ணன் கொஞ்ச காலம் மாங்கூழ் கம்பெனிக்குப் போனார். மாம்பழ சீசன் முடிந்தால் வேலையும் முடிந்தது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வெறுத்துப்போய் விமானம் ஏறினார். கல்யாணம் ஆன பிறகும் அண்ணியையும் அம்மாவையும் சித்தூரில் விட்டுவிட்டு அங்கேயேதான் கிடந்தார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. லீவில் வருவார், ஒரு மாதம் வீடே சிரிக்கும், திரும்பிப் போய்விடுவார். அப்படியே அவர்கள் வாழ்க்கையில் பாதி போனது.

லீவில் வந்தால் ஒருநாள் 'வெள்ளை' செய்வார். அந்த வீட்டு மேடம் கற்றுக்கொடுத்தது. பச்சைக் காய்கறியின் மேல் ஊற்றிப் பிரட்டிச் சாப்பிடும் கெட்டியான டிரெஸ்ஸிங். அதற்கு ஏதோ பெயர் சொல்வார், எங்கள் வாயில் நுழையாது, நிறத்தைப் பார்த்து வெள்ளை என்றே வைத்துக்கொண்டோம். முட்டையின் மஞ்சள் கரு, நசுக்கின பூண்டு, எலுமிச்சைச் சாறு, துருவின சீஸ், மிளகு. அங்கே அதில் ஏதோ உப்பு மீன் சேர்ப்பார்களாம். சித்தூரில் அதற்கு எங்கே போவது? நெத்திலிக் கருவாட்டை வறுத்து இடித்துப் போட்டார். அங்கத்திய இலைக்குப் பதிலாகக் கோஸும் வெள்ளரிக்காயும். முதல் தடவை அம்மா தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாடா இது, மாடு துன்ற தழைய வெட்டி வெச்சிக்கினு கீற?" என்று கேட்டாள். கருவாட்டு வாசனை மூக்கில் ஏறியதும் இரண்டாம் தடவை போட்டுக்கொண்டவளும் அவள்தான்.

செய்யும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கிண்ணத்துக்கு அடியில் ஈரத்துணியை வளையமாகச் சுற்றி வைப்பார், ஆடாமல் நிற்க. மஞ்சள் கருவைக் கம்பி மத்தால் அடித்துக்கொண்டே இருப்பார். எண்ணெய் ஊற்றுவது அண்ணியின் வேலை. முதலில் சொட்டுச் சொட்டாக, கரு கொஞ்சம் தடித்ததும் மெல்லிய இழையாக. "நூலாட்டம் எறங்கணும். நூலு அறுந்துச்சினா எல்லாம் திரிஞ்சு பூடும்" என்பார். தறிக்காரன் மகன் வேறு எப்படிச் சொல்வான்? அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவாள். மஞ்சளாக இருந்தது வெளுத்து, தடித்து, மத்தைத் தூக்கினால் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். எனக்கே வெட்கமாக இருக்கும், நான் கூடத்துக்குப் போய்விடுவேன்.

கடைசியாக அவர் வந்தது லீவில் இல்லை. நாக்கின் ஓரத்தில் ஒரு புண். ஆறும், ஆறும் என்று அங்கே மாத்திரை போட்டுக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கிறார். இங்கே வந்து காட்டினால் புற்று. நாக்கில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு திருப்பதி ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கதிர் பாய்ச்சுவதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். வாரத்தில் ஐந்து நாள், சனி ஞாயிறு ஓய்வு. தினம் சித்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற உடம்பா அது? நான் திருப்பதியில் இருக்கிறேன், ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் வார்டன். வந்துவிடுங்கள் என்றேன். அண்ணன், அண்ணி, அம்மா மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணியின் பையில் துணிமணியோடு அந்தக் கம்பி மத்தும் இருந்தது. எதற்கு என்று கேட்டதற்கு, அவரு சாமான், கூட இருக்கட்டும் என்றாள்.

வந்த மறுநாள் அண்ணி என்னை அலிபிரிக்கு அழைத்துப்போனாள். திருமலைக்கு நடந்து ஏறுகிறவர்களுக்குப் படி தொடங்குகிற இடம். முதல் படியில் கற்பூரம் ஏற்றினாள். வேண்டுதலை மனசுக்குள் சொல்லியிருக்கக் கூடாதா? வாய்விட்டே சொன்னாள்: "அவரு நல்லாயி என்கூட இந்தப் படி ஏறுற வரைக்கும் முட்ட, கவுச்சி எதுவும் எங்க ரெண்டு பேரு வாய்லயும் படாது. நாங்க கீற வூட்டு வாசலயும் தாண்டாது." இருக்கிற வீடு என்றால் என் வீடுதான். என் வீட்டுக்காரரின் காலை ஆம்லெட் அன்றோடு நின்றது. அவர் முணுமுணுத்தார், நான் முறைத்தேன், அடங்கிவிட்டார். அன்றைக்கு எனக்கும் அது நல்ல வேண்டுதலாகத்தான் தெரிந்தது. கொடுப்பதற்கு வேறு என்ன இருந்தது எங்களிடம்?

கரண்ட் வைக்க வைக்க அண்ணனின் வாய் வெந்துபோனது. உமிழ்நீர் வற்றிவிட்டது. இட்லி தொண்டையில் மண்ணாக நின்றது. ரசம் பட்டால் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டும். தயிர் சாதம் கூடப் புளிப்பு எரிந்தது. பேச்சும் நின்று, எல்லாம் கைஜாடைதான். ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்ட மனுஷன் தட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு யோசனை சொல்ல ஒரு தெலுங்குப் பெண் இருந்தாள், சின்ன வயசு, பொறுமைசாலி. எண்ணெய்ப் பசையோடு வழுவழுப்பாக, காரமும் புளிப்பும் இல்லாமல், சத்தாகக் கொடுங்கள் என்றாள். வேகவைத்த உருளைக்கிழங்கைக் குழைத்து, அதன் மேல் சாலட்டுக்கு ஊற்றுவது போலக் கெட்டியாக ஏதாவது செய்து ஊற்றுங்கள், முட்டையை மட்டும் பச்சையாகப் போடாமல் வேகவைத்துச் சேருங்கள் என்றாள். அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். கிண்ணத்தில் மத்து அடிப்பது போல மணிக்கட்டைச் சுழற்றிக் காட்டினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் ஆசையாகக் கேட்ட பண்டம் அது ஒன்றுதான்.

அண்ணி தலையைக் குனிந்துகொண்டு, முட்டை மட்டும் வேண்டாம், வேண்டுதல் இருக்கிறது என்றாள். அந்தப் பெண்ணும் திருப்பதிக்காரிதானே, வேண்டுதலைக் கேலி செய்யவில்லை. "குட்டு பெட்டண்டம்மா" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். முட்டை கொடுங்கள், அம்மா. அண்ணி கேட்கவில்லை.

முட்டை இல்லாமல் வெள்ளை செய்ய அவள் பட்ட பாட்டை என் அடுப்படிதான் பார்த்தது. துணியில் கட்டி வடித்த தயிரில் எண்ணெய் சேர்த்தாள், புளிப்பு எரிந்தது. முந்திரியை ஊறவைத்து அரைத்தாள், மேல் அண்ணத்தில் அப்பிக்கொண்டு அவருக்கு மூச்சு முட்டியது. நான் கடையிலிருந்து முட்டை சேர்க்காதது என்று போட்ட பாட்டில் ஒன்று வாங்கிவந்தேன். அதில் வினிகர். ஒரு சொட்டு நாக்கில் பட்டதும் அவர் இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பாட்டிலைக் குப்பையில் வீசினேன். குளிர்ந்த பாலையும் எண்ணெயையும் மிக்ஸியில் அடித்தது ஒருநாள் கெட்டியாக வந்தது. அண்ணிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இரண்டு ஸ்பூன் உள்ளே போனது. மறுநாள் அதே பால், அதே எண்ணெய், திரிந்துபோய் மேலே எண்ணெய் மிதந்தது. அதையும் அவர் சாப்பிடப் பார்த்தார், குமட்டியது. பூண்டு போச்சு, மிளகு போச்சு, எலுமிச்சை போச்சு, கருவாட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். எதை எடுத்துவிட்டாலும் வெள்ளை வெள்ளையாகத்தான் இருந்திருக்கும். முட்டையை மட்டும் எடுக்க முடியாது, அவளால் சேர்க்க முடியாததும் அது ஒன்றுதான்.

அண்ணி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அண்ணனிடம், "ண்ணா, நான் எதுத்தூட்டுல செஞ்சு எட்தாந்து குட்த்துட்றேன், அண்ணிக்குத் தெரிய வாணாம்" என்றேன். அவர் தலையாட்டினார், வேண்டாம் என்று. வாசல் பக்கம் கையைக் காட்டினார், பிறகு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். அவள் சொன்னால்தான் என்று அர்த்தம். சாமிக்கு அவர் ஒன்றும் பயப்படுகிறவர் இல்லை. அவள் நம்பிக் கட்டின கட்டை அவளுக்குத் தெரியாமல் அவிழ்க்க அவருக்கு மனசில்லை. இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் பட்டினி கிடக்கிறார்கள், நான் நடுவில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதற்குப் பேர் அன்பு என்றால் அந்த அன்பைத் தூக்கி அடுப்பில் போட வேண்டும் போல இருந்தது.

எடை இறங்கிக்கொண்டே போனது. இப்படியே போனால் கரண்ட் வைப்பதை நிறுத்த வேண்டி வரும், நடுவில் நிறுத்தினால் வைத்ததும் வீண், வயிற்றில் குழாய் போடுவோம் என்று டாக்டர் சொன்னார். குழாய்க்கு அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அண்ணி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் விரல் சுற்றி வளைத்து, கட்டை விரலைத் தாண்டியும் மிச்சம் இருந்தது. அதை அவள் திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை, அதுவும் புரட்டாசி சனிக்கிழமை. அந்த மாதத்தில் எங்கள் ஊர்களில் சனிக்கிழமை என்றால் முட்டை என்ற சொல்லைக் கூட வாயில் எடுக்க யோசிப்பார்கள். காலையில் அண்ணி குளித்துவிட்டு, சொல்லாமல் வெளியே போனாள். திரும்பி வரும்போது முந்தானையை முறுக்கிப் பிடித்திருந்தாள். வாசற்படியில் நின்றாள். நான் கூடத்திலிருந்து பார்க்கிறேன், அம்மாவும் பார்க்கிறாள். முந்தானைக்குள் இருப்பது என்னவென்று எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது. அம்மா, "இன்னிக்கு வாணாம்மா" என்றாள். அண்ணி, குழந்தை தூங்கும்போது நடப்பது போல மெதுவாக வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

முட்டை வெந்துகொண்டிருக்கும்போது வாசலில் "கோவிந்தா, கோவிந்தா" என்று குரல் கேட்டது. நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு, நாமம் போட்ட சொம்போடு, பெருமாளுக்கு அரிசி கேட்டு வீடு வீடாக வருவார்கள் புரட்டாசியில். அண்ணிதான் எப்போதும் ஓடிப் போய்ப் போடுவாள். அன்றைக்கு அவள் கையில் ஓடு உரித்த முட்டை. கையைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். "நீ போய்ப் போடு, பாப்பா" என்றாள். நான் போய்ப் போட்டேன். சொம்பில் அரிசி விழுந்த சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டிருக்கும்.

முட்டை வாசனைக்கு அண்ணன் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். அண்ணியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். அவள் சரி என்று தலையாட்டினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். வெந்த மஞ்சள் கருவைக் கிண்ணத்தில் நசுக்கி, சொட்டு வெந்நீர் விட்டுப் பசையாக்கினார். ஈரத்துணி வளையத்தை நான் வைத்தேன். அவர் அடிக்க, அவள் எண்ணெய் ஊற்ற, கை ஓய்ந்துபோனால் நிறுத்தி, மறுபடி அடித்து, நூல் அறாமல் இறங்கியது. வெளுத்தது. தடித்தது. மத்தைத் தூக்கிக் காட்டினார், விழாமல் நின்றது. அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அன்று நான் கூடத்துக்குப் போகவில்லை. குழைத்த உருளைக்கிழங்கின் மேல் ஊற்றி, ஸ்பூன் ஸ்பூனாக, ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துவிட்டு அழுதார். அண்ணி அழவில்லை.

அதற்குப் பிறகு தினமும் செய்தாள். எடை இறங்குவது நின்றது. கரண்ட் முழுசாக வைத்து முடித்தார்கள். டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். தெம்பு வந்ததும் படி ஏற வேண்டும், பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் சித்தூருக்குத் திரும்பிப் போனார்கள். போன கொஞ்ச நாளில் அண்ணனுக்கு இருமல். படம் எடுத்துப் பார்த்தால் நுரையீரலில் பரவியிருந்தது. பொங்கல் வருவதற்குள் போய்விட்டார். கடைசி நாள் காலையிலும் வெள்ளைதான், ஒரே ஒரு ஸ்பூன்.

காரியத்தன்று, எல்லாரும் கலைந்த பிறகு, அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னாள்: "அன்னிக்கே வாணான்னு சொன்னனே. பெருமாளு வாசல்ல நின்னு அரிசி கேக்கறாரு, உள்ள முட்ட வேவுது." பெற்ற வயிறு, பிதற்றினாள். நான் அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். இன்னொரு வார்த்தை பேசினால் நடக்கிறதே வேறு என்றேன். என்ன பிரயோஜனம்? அண்ணி பக்கத்து அறையில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த கை நின்றது, மறுபடியும் மடித்தது. சொல் உள்ளே போய்விட்டது, அதை வெளியே எடுக்க இன்று வரை என்னால் முடியவில்லை.

நான் சும்மா விடவில்லை. டாக்டரிடம் போய்க் கேட்டேன். நுரையீரலில் அது முன்னாலேயே விதை போட்டிருக்கும், அப்போது படத்தில் தெரியாத அளவு சின்னதாக இருந்திருக்கும், சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, அந்தச் சாப்பாடு இல்லையென்றால் இன்னும் முன்னாலேயே போயிருப்பார் என்றார். பஸ் பிடித்து சித்தூருக்கு ஓடி அண்ணியிடம் அப்படியே சொன்னேன். முட்டைக்கு முன்னாலேயே அது அங்கே இருந்ததாம், அண்ணி, கேட்டாயா என்றேன். நிதானமாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அது இருந்துச்சினுதான, பாப்பா, நான் வேண்டிக்கினேன்." அவ்வளவுதான். அதற்கு மேல் நான் எந்த டாக்டரைக் கூட்டிக்கொண்டு போவேன்?

கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. சில நாள் அம்மா மேல், சில நாள் அந்த மலை மேல். ஒரு ஸ்பூன் முட்டைக்குக் கணக்குப் பார்க்கிற சாமி இல்லை அது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். எனக்குத் தெரியும். அண்ணிக்கு யார் சொல்வது? அம்மா இப்போது அவள் பராமரிப்பில்தான் இருக்கிறாள். அம்மாவுக்கு மறதி முற்றிவிட்டது, அன்றைக்குப் பேசியது எதுவும் ஞாபகத்தில் இல்லை. பேசினவள் மறந்துவிட்டாள், கேட்டவள் அவளுக்கு வேளாவேளைக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறாள். அண்ணி எப்போதாவது திருப்பதிக்கு வந்தால் என் வீட்டு மாடிக்கு வரமாட்டாள். மாடியிலிருந்து மலை முழுசாகத் தெரியும். ஒருதரம் படி ஏறிவிட்டு வந்துவிடலாம், மனசு ஆறும் என்று கூப்பிட்டேன். "எந்த மூஞ்சிய எட்துக்கினு போறது" என்றாள். திரும்ப நான் கூப்பிடவில்லை.

போன வாரம் சித்தூருக்குப் போயிருந்தேன். சாயங்காலம், அண்ணி அம்மாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் பாத்திரம் கழுவினேன். கழுவி முடித்து நிமிர்ந்தால் எதிரே அந்த மத்து. அன்றைக்கு என்னவோ எனக்கு ஒரு வீம்பு. இதை எடுத்துப் பளிச்சென்று கழுவி, மற்ற சாமானோடு சாமானாகப் பெட்டியில் போட்டுவிட்டால் வீட்டில் பாதிப் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். ஆணியிலிருந்து எடுத்தேன். இத்தனை நாளில் முதல் தடவையாகக் கையில் வாங்கிப் பார்க்கிறேன். கம்பிகள் கைப்பிடிக்குள் போகிற இடத்தில், இடுக்கில், மஞ்சளாக ஏதோ காய்ந்து கெட்டியாகி ஒட்டியிருந்தது. துருவா என்று பார்த்தேன். துரு இல்லை. குழாயைத் திறந்து, நகத்தால் சுரண்டப் போனேன்.

அண்ணி எப்போது வந்தாள் என்று தெரியாது. சீப்பு இன்னும் கையில் இருந்தது. குழாயை அவளே மூடினாள்.

"கழுவாத, பாப்பா. அவரு கடசியா துன்னது அதுலதான் ஒட்டிக்கினு கீது."

மத்தை என் கையிலிருந்து வாங்கினாள். ஈரம் படாமல் முந்தானையில் ஒற்றிப் பார்த்தாள், அந்த இடுக்கில் மட்டும் துணி உரசாமல். ஆணியில் மாட்டினாள். பிறகு குழாயைத் திறந்து சோப்புப் போட்டு முழங்கை வரை கையைத் தேய்த்துக் கழுவினாள், இரண்டு தடவை. கழுவிய கையைத் துடைத்துக்கொண்டு, பெருமாள் படத்துக்கு விளக்கு ஏற்றப் போனாள்.